பேஸ் கிதாருக்கு ஒரு பெட்டி

எங்கள் வயதுக்காரர்களுக்குக் கிதார் என்றால் ஆறு தந்திதான். மேடையின் பின்வரிசையில், நீண்ட கழுத்துள்ள நான்கு தந்திக் கிதாரோடு ஒருவர் அசையாமல் நிற்பாரே, அவரை யாரும் கவனிப்பதில்லை. அவர் வாசிப்பது பேஸ் கிதார். பிரெஞ்சில் 'பாஸ்' என்போம். தாழ்ந்தது என்று பொருள். அது நின்றுபோனால்தான் பாட்டில் ஏதோ குறைகிறதே என்று நமக்கு உறைக்கும்.

என் பேத்தி இப்போது அந்த இடத்தில் நிற்கிறாள். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, மாதா கோயில் விழா என்று புதுச்சேரியில் வாசிக்கிறாள். 1982-இல் பிரான்சில் தொடங்கி நம் ஊருக்கும் வந்துவிட்ட ஜூன் 21 'ஃபெத் த லா மியூஸிக்'கிலும் வாசிப்பாள். அவள் இருந்த குழு கலைந்துவிட்டது. வேறொரு குழு அழைத்தது, ஆனால் ஒரு நிபந்தனை: சொந்த ஆம்ப்ளிஃபையர் இருக்க வேண்டும். கையில் இருந்தது 25,000 ரூபாய். இரண்டு வருடக் கச்சேரிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது. "ஒரு பெட்டிக்கு இவ்வளவா?" என்று அவள் அப்பா முகம் சுளித்தார்.

"தாத்தா, ஆபீஸ்ல எத்தனை கொட்டேஷன் பாத்திருப்பீங்க, கூட வாங்க" என்றாள். போகுமுன் நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன்.

சாதாரணக் கிதார் ஆம்ப் இதற்கு ஆகாது. கிதாரின் கனத்த தந்தி நொடிக்கு 82 முறை அதிரும்; பேஸின் கனத்த தந்தி 41 முறைதான். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கினால், அதே சத்தத்துக்கு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். சின்ன ஸ்பீக்கர் தாங்காது, கிழிந்துவிடும். 1951-இல் பேஸ் கிதாரைக் கடைக்குக் கொண்டுவந்த அமெரிக்கர் லியோ ஃபெண்டர், அடுத்த வருடமே அதற்கென்று தனி ஆம்ப் செய்ததும் இந்தக் காரணத்தால்தான்.

அடுத்தது வாட் கணக்கு. 200 வாட் பெட்டி 100 வாட் பெட்டியைவிட இரு மடங்கு சத்தம் போடாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே வாட்டுக்கு மட்டும் காசைக் கொட்டுவது வீண்.

பழைய வழக்கப்படி ஒப்பீட்டுப் பட்டியல் போட்டேன். முதல் வரியில், என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்று எழுதினேன். மண்டபம் முழுக்கக் கேட்க வைப்பது சவுண்ட் சர்வீஸ்காரர் வேலை. அவர் மிக்ஸருக்கு ஒலியைச் சுத்தமாக அனுப்ப வேண்டும். டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவே அவள் வாசிப்பது அவள் காதுக்குக் கேட்க வேண்டும். இவ்வளவுதான் தேவை.

மூன்று பெட்டிகள் பட்டியலில் வந்தன. ஒன்று புதியது, 30 வாட். வீட்டில் பழகலாம், டிரம்ஸுக்கு முன்னால் எடுபடாது. இரண்டாவது பழையது, 150 வாட், 15 அங்குல ஸ்பீக்கர், எடை 30 கிலோவுக்கு மேல். ஷேர் ஆட்டோவில் போகும் பெண் அதை எப்படி மாடி மண்டபத்துக்குத் தூக்குவாள்? மூன்றாவதும் பழையது, 12 அங்குலம், 15 கிலோ. மிக்ஸருக்கு நேராக ஒயர் கொடுக்கும் 'டி.ஐ. அவுட்' துளையும் இருந்தது.

மூன்றாவதன் முதுகில் '100 வாட்' என்று பெரிதாகவும், '4 ஓம்' என்று பொடியாகவும் அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்த ஸ்பீக்கரோ 8 ஓம். அப்படியென்றால் தனியாக ஓடும்போது அறுபது வாட் சுமார்தான் வரும். இன்னொரு 8 ஓம் பெட்டி சேர்த்தால்தான் நூறு. எங்கள் தேவைக்கு அறுபது போதும். ஆனாலும் பொடி எழுத்தை விற்பவரிடம் காட்டினேன். 24,000 சொன்னவர் 21,000-க்கு இறங்கினார்.

பணம் கொடுக்குமுன் சோதனை. கிதாரை மாட்டாமல் ஆன் செய்து இரைச்சல் இருக்கிறதா என்று கேட்டோம். ஒவ்வொரு திருகையும் திருப்பிக் கரகரப்பு வருகிறதா என்று பார்த்தோம். கனத்த தந்தியைச் சத்தமாக மீட்டினாள்; பெட்டி கடகடக்கவில்லை. டி.ஐ. துளையையும் மிக்ஸரில் செருகிப் பார்த்தோம். கடைசியாக பிளக். மூன்று முள்ளில் எர்த் முள்ளைச் சிலர் வெட்டிவிடுவார்கள். பந்தல் மின்சாரத்தில் இரும்புத் தந்தியைத் தொட்டபடி நிற்கும் பிள்ளைக்கு அந்த முள்தான் உயிர்க்காப்பு. இதில் எர்த் முள் முழுதாக இருந்தது.

மீதி 4,000-இல் நல்ல கேபிளும் உறையும் வாங்கினாள்; கொஞ்சம் கையிலும் நின்றது. தரையில் வைத்தால் ஒலி முழங்காலுக்குத்தான் போகும், அதனால் பின்னால் சாய்த்து வை என்று சொல்லிக் கொடுத்தேன். இப்போது முகூர்த்த மாதங்களில் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வே இல்லை.

பேரப்பிள்ளைகள் இப்படி எதையாவது வாங்க வேண்டும் என்று வந்து நின்றால், விலையைக் கேட்குமுன் "எதுக்கும்மா இது?" என்று கேளுங்கள். அதற்கு அவர்கள் தெளிவாகப் பதில் சொன்னால், பாதிப் பணம் அங்கேயே மிச்சம்.