செம்பும் சில்லும் தொடும் இடம்

சிட்னியின் மேற்கே, பெண்டில் ஹில்லில் இருக்கும் அந்த வீட்டுக் கராஜுக்குள் நான் நுழைந்தபோது மாலை ஆறரை மணி. ஜனவரி மாதம். வெயில் இன்னும் கூரைத் தகட்டை விட்டு இறங்கவில்லை. மேசைமேல் ஒரு கணினிப் பெட்டி, பக்கக் கண்ணாடி கழற்றப்பட்டு, மல்லாந்து கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்து, ஓரம் மடங்கிய குறிப்பேட்டில் ஓர் எண்ணை எழுதினார்.

"அறைச் சூடு முப்பத்தொண்டு பாகை, அண்ணை. எவ்வளவு காசு செலவழிச்சாலும் இந்தத் தண்ணி அதுக்குக் கீழ இறங்காது. வாற ஆக்களுக்கு இதைச் சொல்லிப்போட்டுத்தான் நான் வேலையில கை வைக்கிறனான்."

யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறு வயதிலேயே இங்கே வந்தவர். டேஃப் தொழிற்கல்லூரியில் குளிரூட்டும் இயந்திர வேலை படித்தார். பகலில் வீடுகளுக்கு ஏசி பொருத்துகிறார். மாலையிலும் சனிக்கிழமையிலும் கணினிகளுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி அமைத்துக் கொடுக்கிறார். மேஸ் ஹில் முருகன் கோவிலில் அறிமுகமானோம். கணினிக்குள் தண்ணீர் விடும் வேலையை ஒரு முறையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். "வாங்கோ, ஆனா அவசரப்படக் கூடாது" என்றார். அந்த நிபந்தனையின் அருமை பிறகுதான் புரிந்தது.

மேற்கு சிட்னியில் இந்த வேலை பொழுதுபோக்குக்காரர்களோடு நின்றுவிடுவதில்லை. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. அன்றைய தினம் சிட்னிப் பெருநகரம் கண்ட அந்தச் சூட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. மேசையில் கிடந்த பெட்டியும் பென்ரித்திலிருந்து வந்ததுதான். அனிமேஷன் படங்கள் செய்யும் ஒரு பெண்ணுடையது. கோடையில் பிற்பகல் ஆனால் வேலை பாதியில் தேங்கிவிடுகிறது என்று கொண்டுவந்திருந்தார்.

அதற்குள் இருந்தது ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 9 7950எக்ஸ் செயலி. முழு வேகத்தில் 230 வாட் வரை மின்சாரம் இழுக்கும். அவ்வளவும் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். 95 டிகிரியைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உலோக மூடிக்கு அடியில் கணக்குப் போடும் சில்லுகள் இரண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 சதுர மில்லிமீட்டர், விரல் நகத்தளவு. பரப்புக்குப் பரப்பு ஒப்பிட்டால் மின் அடுப்பின் தட்டைவிடப் பல மடங்கு வெப்பம் அந்த நகத்தளவு இடத்திலிருந்து கிளம்புகிறது. அதைப் பிடித்துத் தண்ணீரிடம் ஒப்படைக்கும் பொருள்தான் வாட்டர் பிளாக்.

அவர் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். தீப்பெட்டி இரண்டை ஒட்டி வைத்தது போன்ற அளவு. கையில் எடுத்தால் கனம் தெரிந்தது. மேல்மூடியைக் கழற்றிக் காட்டினார். செம்புத் தகட்டின் நடுவில் பேன் சீப்பைவிட நெருக்கமான பற்கள். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆலைகளில் கூரிய உளியால் செம்பை மெல்லிசாகச் சீவிச் சீவி நிமிர்த்தி இந்தப் பற்களை எழுப்புகிறார்கள். அவற்றுக்கு மேலே நீளவாக்கில் ஒரு பிளவு வைத்த தகடு. உள்ளே வரும் தண்ணீர் அந்தப் பிளவு வழியாகப் பற்களின் நடுவில் பாய்ந்து, இரு பக்கமும் பிரிந்து ஓடி, வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியேறும். ஆகவே, உள்வழியையும் வெளிவழியையும் மாற்றி இணைத்தால் அந்தப் பாய்ச்சல் கெட்டுவிடும்.

தேர்வு செய்யும்போது அவர் பார்ப்பது மூன்று. செயலி அமரும் சாக்கெட் எது என்பது முதலாவது. இன்டெலின் எல்ஜிஏ 1700 பலகையில் துளைகளுக்கிடையே 78 மில்லிமீட்டர். அதற்கு முந்தைய பலகைகளில் 75. மூன்று மில்லிமீட்டர்தானே என்று பழைய பிடியை இழுத்து மாட்ட முடியாது. ஏஎம்5 பலகையின் பின்தகடு சாக்கெட்டோடு சேர்ந்தது, கழற்றக் கூடாது. பழைய ஏஎம்4-க்காகத் தனிப் பின்தகட்டோடு வந்த பிளாக்குகள் அதில் ஏறாது. இரண்டாவது, உலோகம். செம்பு பிளாக் என்றால், தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டரும் செம்பு அல்லது பித்தளையாகவே இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் கேட்பதே இல்லை: மூடிக்கு அடியில் சூடு எங்கே இருக்கிறது?

அவர் அந்தச் சில்லின் மூடிமேல் பென்சிலால் மெல்ல ஒரு கோடு இழுத்தார். "எல்லாரும் நடுவில எண்டு நினைக்கினம். இதுல ரெண்டு சூட்டுச் சில்லும் ஒரு ஓரமா ஒதுங்கி இருக்கு. பிளாக்கும் அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்க வேணும்." ஏழு மில்லிமீட்டர் வரை நகர்த்தி மாட்டும் பிடி உள்ள பிளாக்கை அதற்காகவே வாங்கியிருந்தார். வண்ண விளக்குகள் வைத்த, விலை கூடிய வேறொன்றை அந்தப் பெண் கேட்டிருக்கிறார். விளக்குக்குச் சூடு இறங்காது என்று விளக்கிச் சொல்லி இதற்குச் சம்மதிக்க வைத்திருந்தார்.

பொருத்தும் வேலை தொடங்கியது. பழைய வெப்பக் கடத்துப் பேஸ்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தார்; மூடியின் எட்டுக் கால்களின் இடுக்கையும் பஞ்சுக் குச்சியால் சுத்தம் செய்தார். பிளாக்கின் அடியில் ஒட்டியிருந்த பாதுகாப்புத் தாளை உரித்து, அதை என்னிடம் காட்டிவிட்டுத்தான் குப்பையில் போட்டார். அதை உரிக்க மறந்து மாட்டிய கணினிகளும் அவரிடம் வந்திருக்கின்றன. பேஸ்டைப் புள்ளிகளாக வைத்து, பிளாக்கை இறக்கி, எதிரெதிர் மூலைகளாக அரைச் சுற்று அரைச் சுற்றாக முடுக்கினார். முடிந்ததும் மறுபடி கழற்றிவிட்டார்!

"அச்சுப் பார்க்க வேணும், அண்ணை."

இரு பரப்பையும் விளக்கின்கீழ் திருப்பினார். செம்பின் வலது ஓரத்தில் பேஸ்ட் தடித்து, பளபளவென்று ஈரமாக நின்றது. இடது பக்கம் நன்றாக நசுங்கிப் பரவியிருந்தது. ஒரு மூலை முழுதாக இறங்கவில்லை என்பது அதற்குப் பொருள். நல்ல பேஸ்டைவிடச் செம்பு பல பத்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். இரண்டு உலோகப் பரப்புகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை நிரப்புவதோடு பேஸ்டின் வேலை முடிகிறது. அதற்கு மேல் நிற்பது தடைச்சுவர். மறுபடி துடைத்தார். மறுபடி வைத்தார். இந்த முறை ஒவ்வொரு சுற்றையும் வாய்க்குள் எண்ணினார். அச்சு இரு பக்கமும் ஒரே மெல்லிசாக விழுந்த பிறகுதான், மூன்றாம் முறை பேஸ்ட் வைத்து, இறுதியாக மாட்டினார். இதற்கு மட்டும் ஐம்பது நிமிடம் ஆனது.

அடுத்து, அவருடைய பகல் தொழில் கைகொடுத்தது. ஏசி குழாய்களில் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் பார்ப்பது போல, தண்ணீர் விடுமுன் காற்றடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். கைப்பம்பால் அரை பார் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் நிற்கும் இடத்தைக் கைப்பேசியில் படம் பிடித்தார். அரை மணி நேரம் காத்திருந்தோம். தேநீர் வந்தது. அவர் கண் முள்ளை விட்டு அகலவில்லை. அசையாதது உறுதியானதும் கூலன்ட் ஊற்றினார். மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட்டினார். ஒவ்வொரு ஃபிட்டிங்கின் அடியிலும் வெள்ளைத் தாள். பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துக் குமிழிகளை வெளியேற்றி, அப்படியே இரவு முழுக்க ஓட விட்டார்.

மறுநாள் காலை தாள்கள் உலர்ந்தே இருந்தன. அறை 26 டிகிரி. முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓட்டிய பிறகு தண்ணீர் 34, சில்லு 88. முன்பு 95-இல் முட்டிக்கொண்டு நின்றது. ஏழு டிகிரிதானா என்று என் முகம் கேட்டிருக்க வேண்டும். "இந்தச் சில்லு இடம் கிடைச்சா இன்னும் வேகமா ஓடும், அண்ணை. இப்ப முட்டாமல் ஓடுது. அவவுக்கு வேலை நிக்காது. அதுதான் கணக்கு" என்றார்.

தண்ணீரின் கணக்கையும் அவரே போட்டுக் காட்டினார். நிமிடத்துக்கு நான்கு லிட்டர் ஓடினால், 230 வாட்டை வாங்கும் தண்ணீர் பிளாக்கைக் கடக்கும்போது ஒரு டிகிரிகூடச் சூடாவதில்லை. தண்ணீருக்கும் சில்லுக்கும் இடையே இருக்கும் ஐம்பத்துச் சொச்சம் டிகிரி முழுக்க, மூடி, பேஸ்ட், செம்பு என்ற அந்த மெல்லிய அடுக்குகளில்தான் இருக்கிறது. பெரிய பம்பும் அழகான குழாயும் அங்கே எதையும் மாற்றிவிடாது. அங்கே பேசுவது முடுக்கிய கையின் பக்குவம்.

அடுத்த வாரம் மெல்போர்ன் போனேன். தென்கிழக்கே டான்டினாங்கில் ஒரு சிறிய இயந்திரப் பட்டறை. அங்கே சிஎன்சி இயந்திரம் ஓட்டுகிற பெண் கோயம்புத்தூர்க்காரர். ஊரில் பம்ப் தொழிற்சாலை ஒன்றில் வேலை பழகியவர். கடையில் பொருந்தும் பிடி கிடைக்காதவர்களுக்கு அதைக் கடைந்து கொடுக்கிறார். அடைத்துப்போன பிளாக்குகளையும் சரிசெய்கிறார்.

"செம்பு ரொம்ப ஒட்டுங்க. அலுமினியம் மாதிரி சீவல் உதிர்ந்து ஓடாது. டூல் கொஞ்சம் மழுங்கினாலும் கிழிச்சு வச்சிரும்" என்றபடி, ஒரு பிளாக்கின் அடித்தகட்டைச் சர்ஃபேஸ் பிளேட்டில் பூசிய நீலச் சாயத்தின்மேல் மெல்ல உரசினார். நடுவில் மட்டும் நீலம் ஒட்டியது. தகடு கெட்டுவிட்டதோ என்றேன். இல்லை, பல பிளாக்குகளை நடுப்பக்கம் நூலளவு குவிந்திருக்கும்படியே செய்கிறார்களாம். நான்கு மூலையும் முடுக்கும்போது அழுத்தம் நடுவில் விழுவதற்காக. தட்டையாக்குகிறேன் என்று உப்புத்தாளில் தேய்த்துக் கெடுத்தவர்கள் உண்டு என்றார்.

பிறகு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தார். அதில் இருந்த பிளாக்கின் பற்கள் தெரியவே இல்லை. சாம்பல் வெள்ளையில் களி அப்பியிருந்தது. மலிவாகக் கிடைத்ததென்று அலுமினிய ரேடியேட்டரைச் செம்பு பிளாக்கோடு இணைத்திருக்கிறார் ஒருவர். இரண்டு வெவ்வேறு உலோகம், நடுவில் தண்ணீர், பேட்டரி ஆகிவிடுகிறது. அலுமினியம் மெல்ல மெல்லக் கரைந்து, அந்தக் கழிவு பற்களின் இடுக்கில் போய் அடைகிறது. மென்மையான பல்துலக்கியால் அவர் அதைத் தேய்த்து எடுத்தார். பிளாக் பிழைத்தது, ரேடியேட்டர் குப்பைக்குப் போனது.

இந்தத் தொழிலில் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு சொந்தப் பங்கும் உண்டு. ஆலைகள் பெரிய அளவில் இறங்குவதற்கு முன்பே, 2000-களின் தொடக்கத்தில், ஸ்டூ ஃபார்ஸ்டர் என்ற ஆஸ்திரேலியர் ஒயிட் வாட்டர், கேஸ்கேட் என்ற பிளாக்குகளை வடிவமைத்தார். நுண்ணிய துளைகள் வழியே தண்ணீரைத் தாரைகளாக அடித்துச் செம்பின் சிறு குழிகளில் மோதவிடும் அவருடைய ஸ்டார்ம் பிளாக்கை அமெரிக்காவின் ஸ்விஃப்டெக் உரிமம் பெற்றுத் தயாரித்தது. இன்று கான்பெர்ராவில், ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் காடி என்ற மீக்கணினியும் சில்லுகளின்மேல் தண்ணீர் ஓட்டித்தான் தன் சூட்டை இறக்குகிறது. கராஜில் நான் கண்ட அதே செம்பு, அதே தொடுகை.

திரும்பும் நாளில் ஸ்பாட்ஸ்வுட்டில் உள்ள சயின்ஸ்வொர்க்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே சிஎஸ்ஐராக் நிற்கிறது. 1949 நவம்பரில் சிட்னியில் முதன்முதல் ஓடி, 1955-இல் மெல்போர்னுக்கு வந்து, 1964 வரை உழைத்த கணினி. சுமார் 2,000 வெற்றிடக் குழல் வால்வுகள். 30 கிலோவாட் மின்சாரம். முதல் தலைமுறை மின்னணுக் கணினிகளில் உருக்குலையாமல் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது இதுவே. அந்த இரும்பு அலமாரிகளின் முன் நின்றபோது, கணினி பிறந்த நாளிலிருந்தே சூட்டோடு போராடும் கைகள் அதன் பக்கத்திலேயே இருந்திருக்கின்றன என்று தோன்றியது. கணினியை வடிவமைத்த ட்ரெவர் பியர்சி, மாஸ்டன் பியர்ட் ஆகியோரின் பெயர்கள் நிலைத்திருக்கின்றன. வால்வு மாற்றியவர்கள், கம்பி பற்றவைத்தவர்களின் பெயர்களை நாம் தேடித்தான் அறிய வேண்டும்.

உங்கள் கணினிக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி வைக்க நினைத்தால், விளக்கையும் விலையையும் ஒதுக்கிவிட்டுச் சாக்கெட்டையும் உலோகத்தையும் சூடு இருக்கும் இடத்தையும் கேளுங்கள். மூன்று முறை கழற்றி மாட்டும் நேரத்துக்கும் கூலி உண்டு. அதைப் பேரம் பேசாதீர்கள். அழுத்தமானியின் முள் அரை மணி நேரம் அசையாமல் நின்றதைக் கண்ணால் பார்க்காமல் பெட்டியை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்.