பள்ளிக்குப் போக ஒரு துணை

கிருஷ்ணகிரியில் விடியற்காலை பஸ் ஏறி ஓசூர்ப் பக்கம் ஒரு முறை போய்ப் பாருங்கள். மாந்தோப்புகள் பின்தங்கிப் போகும். சூளகிரி தாண்டியதும் ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். ஓசூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அல்லவா? கண்டக்டர் தமிழில் சில்லறை கேட்பார். பக்கத்து ஸீட்டு அம்மாள் தெலுங்கில் பதில் சொல்வாள். பின்னால் இருவர் கன்னடத்தில் வாதாடிக்கொண்டிருப்பார்கள். மூவருக்கும் மூன்றும் புரியும்!

ஊருக்குள் நுழைந்ததும் உங்கள் கண்ணில் படுவது சந்திர சூடேசுவரர் மலை. அதற்குச் சமமாகக் கண்ணில் படுவது கம்பெனி பஸ்கள். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஷிப்டு நேரத்தில் தெரு முனைகளில் ஆண்களும் பெண்களும் காத்து நிற்பார்கள். பஸ் வரும், ஏற்றிக்கொண்டு போகும். ஆள் வராவிட்டால் இயந்திரம் நின்றுவிடும். ஆகையால் "நீ எப்படி வந்து சேருவாய்?" என்று கம்பெனி கேட்டுக்கொண்டிருப்பதில்லை. வண்டியை அனுப்பிவிடுகிறது.

அதே தெரு முனையில் இன்னொருத்தியையும் நீங்கள் பார்க்கலாம். எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நிற்பவள். பிள்ளைக்குக் காலில் பலம் இல்லை. அல்லது கால் நன்றாக இருந்தும் புத்தி வளர்ச்சி தாமதப்பட்டதால் தனியே விட முடியாது. காலையில் பள்ளிக்குக் கொண்டு விட்டு வீடு திரும்ப வேண்டும். மாலையில் மறுபடி போய் அழைத்து வர வேண்டும். பிள்ளைக்கு இரண்டு பிரயாணம் என்றால் தாய்க்கு நான்கு! இதற்கு நடுவில் அவள் எந்தக் கம்பெனியில் எந்த ஷிப்டுக்குப் போவாள்? வீட்டில் ஒரு சம்பளம் நின்றுபோவது இப்படித்தான். பிறகு ஒரு நாள் பிள்ளையின் பள்ளிக்கூடமும் நின்றுபோகும்.

அப்படி நின்றுபோவது சாதாரண நஷ்டம் அல்ல. டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை ஆரம்ப காலத்திலிருந்தே மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்து வந்திருக்கிறது. பெரியவனானதும் சொந்தச் சம்பாத்தியம் என்பது இந்த ஊரில் அப்படியொன்றும் எட்டாத விஷயம் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போய்ச் சேர வேண்டுமே!

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இந்தக் குழந்தைகளுக்குப் போக்குவரத்து வசதி செய்து தர வேண்டும் என்கிறது. அதிக உதவி தேவைப்படும் குழந்தையானால் கூட வரும் துணைக்கும் வசதி தர வேண்டும். இதைத் தாய்மார்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மட்டும் அல்ல, துணைக்கும்!

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரும்போது போக்குவரத்துப் படி, துணையாளர் படி என்று பணமாகிவிடுகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2018-ல் வகுத்த கணக்குப்படி, சிறப்புத் தேவையுள்ள ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய். காது கேட்கும் கருவி, நடை வண்டி, பிரயாணப் படி என்று எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 210 பள்ளி நாட்களால் வகுத்துப் பாருங்கள், நாளுக்குப் பதினாறு ரூபாய் சொச்சம் வரும். காய்கறிக் கணக்குப் பார்க்கும் உங்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

இங்கிலாந்தில், ஊனத்தால் நடந்து போக முடியாத குழந்தையை, பள்ளி எவ்வளவு அருகில் இருந்தாலும், இலவசமாகக் கொண்டு சேர்ப்பது உள்ளூர் ஆட்சியின் கடமை. பணத்தைக் கொடுத்து "நீயே பார்த்துக்கொள்" என்று சொல்வதற்கும், வாசலுக்கு வண்டி அனுப்புவதற்கும் எத்தனை வித்தியாசம்! அந்த வித்தியாசம் ஓசூர்க் கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரியும்.

டவுன் பஸ் சமாசாரத்துக்கு வருவோம். 2021-ல் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். அடுத்த மாதமே மாற்றுத்திறனாளிகளுக்கும், துணைக்கு வரும் ஒருவருக்கும் அதை விரித்தார்கள். நல்ல காரியந்தான். ஆனால் இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். தாய் பெண் ஆகையால் நான்கு பிரயாணமும் அவளுக்கு இலவசம். தாத்தா துணைக்குப் போனால், பிள்ளையோடு போகும்போது இலவசம்; விட்டுவிட்டுத் தனியே திரும்பும்போது சீட்டு வாங்க வேண்டும். அப்புறம் எந்த வீட்டில் தாத்தாவை அனுப்புவார்கள்?

எல்லை தாண்டினால் கதை வேறு. ஓசூரை அடுத்து அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகம். பிள்ளையைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போகும் குடும்பங்களுக்கு, நம் ஊர் டவுன் பஸ் சலுகை அங்கே செல்லாது. தேசிய அடையாள அட்டை இந்தியா முழுவதும் செல்லும் என்றாலும், பஸ் சலுகை அந்தந்த மாநிலத்தின் விருப்பம். ரயிலுக்கு அந்தத் தகராறு இல்லை. துணை இல்லாமல் பிரயாணம் செய்ய முடியாத குழந்தைக்கும் துணைக்கும் இரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு எழுபத்தைந்து சலுகை உண்டு. அதற்கு ரயில்வேயின் சான்று வேண்டும்.

தளி, அஞ்செட்டிப் பக்கம் போனால் பஸ்ஸே அபூர்வம். காடு, மேடு, சில வேளை சாலையில் யானை! வெளியே வரவே முடியாத பிள்ளைகளுக்கு அங்கே சிறப்பாசிரியர் வீட்டுக்கே போய்ப் பாடம் சொல்கிறார். மிகுந்த ஊனமுள்ள குழந்தைக்கு அந்த வழியைச் சட்டமே கொடுத்திருக்கிறது. ஆனால் துணை கிடைக்காத ஒரே காரணத்துக்காக ஒரு குழந்தையை "வீட்டுக் கல்வி" என்று எழுதி வைத்தால் சம்மதிக்காதீர்கள். கூடப் படிக்கும் பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுவர எந்த ஆசிரியராலும் முடியாது.

உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால், பள்ளியில் சேர்க்கும்போதே தலைமையாசிரியரிடமும் வட்டார வள மையத்திலும் இரண்டு படியையும் கேளுங்கள். ஆண்டுத் திட்டத்தில் கணக்குச் சேர்த்துத்தான் பணம் வருகிறது. ஊனச் சான்றிதழும் பாங்கிப் புத்தகமும் கையில் இருக்கட்டும். துணைக்குப் போகிறவர் தாத்தாவானால், அதையும் அங்கேயே சொல்லி வையுங்கள்.