கியர்பாக்ஸ் இறக்கிய சனிக்கிழமை

வியாழன், இரவு

கோயம்பேட்டில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு வரும்போது திருமங்கலம் மேம்பாலத்தில் இன்ஜின் இரைந்தது, வண்டி ஏறவில்லை. கூடவே கருகல் வாடை. ஆவடி வந்து சுமையை இறக்கியதும் வாசலிலேயே சோதித்தேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விட்டால் இன்ஜின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடியது. கேபிளில் ப்ளே சரியாகத்தான் இருக்கிறது. பிளேட் தேய்ந்துவிட்டது, சந்தேகமில்லை.

என்னுடையது டாடா ஏஸ், ஊர் வைத்த பெயர் குட்டி யானை. 2005-ல் சந்தைக்கு வந்தபோது 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். ஏற்றக்கூடிய சுமை முக்கால் டன். இத்தனை சின்ன இன்ஜின் அத்தனை பாரத்தை நின்ற இடத்திலிருந்து கிளப்ப வேண்டுமானால், நடுவில் நின்று அடி வாங்குவது கிளட்ச்தான்.

வெள்ளி

ஜி.பி. ரோட்டில் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக வாங்கினேன். பிளேட்டை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. பேரிங் அடுத்த மாதம் கத்தினால் மறுபடியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அந்த உழைப்புக்கு முன்னால் பேரிங் விலை ஒன்றுமே இல்லை. புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும். கதவோ கண்ணாடியோ என்றால் நானும் அங்கேதான் போவேன். தேய்வதற்கென்றே செய்த பொருளைப் பழையதாக வாங்கக் கூடாது.

பிளேட்டின் மேலிருக்கும் உராய்வுப் பட்டைக்கு ஊர்ப் பொருள் என்ற உரிமையும் நமக்குண்டு. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரானே நிறுவனம் பிரேக் லைனிங்கோடு கிளட்சுக்கான பட்டையும் செய்கிறது.

சனி

எதிர்வீட்டுப் பெரியவர் காலையிலேயே வந்துவிட்டார். கனரக ஊர்தித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1965-ல் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்த காலம் தொட்டு ஆவடியில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். இந்த ஊரின் பெரிய சொத்து இவர்கள்தான் என்பேன்.

"தம்பி, ஜாக்கிய நம்பி உள்ள படுக்காதே. ஸ்டாண்டு வை, சக்கரத்துக்குக் கட்டை குடு. அப்புறம்தான் ஸ்பேனர்."

"வெச்சாச்சுங்கய்யா."

"ஆட்டிப் பாத்தியா?"

ஆட்டிப் பார்த்தோம். பேட்டரி ஒயர், ஸ்டார்ட்டர், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் எல்லாம் கழன்றன. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போடச் சொன்னார். மாற்றி மாட்டினால் ஓடும்போது அதிரும். கியர்பாக்ஸுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்து, நேராகப் பின்னால் இழுத்து இறக்கினோம். தனி ஆளாகச் செய்கிற வேலை இல்லை இது.

உள்ளே கரிய தூசி. பட்டறைகளில் ஏர் பைப்பை எடுத்து அடிப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். பழைய பட்டைகளில் கல்நார் இருந்தது. நம் நாட்டில் கல்நார் வெட்டத் தடை வந்த பிறகும் இறக்குமதி நிற்கவில்லை. நம் பிளேட்டில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முகத்தில் மாஸ்க் கட்டி, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போட்டேன். பட்டறைப் பையன்களுக்கு இதை யாராவது சொல்லித் தர வேண்டும்.

பழைய பிளேட்டைத் திண்ணையில் வைத்து வெகுநேரம் பார்த்தோம். ரிவெட் தலைகள் பட்டையோடு சமமாகியிருந்தன. எண்ணெய்க் கறை இல்லை, ஆகவே கிராங்க் சீல் நன்றாக இருக்கிறது. ஃபிளைவீலில் ஊதாத் திட்டுகள், சூட்டில் வெந்த அடையாளம். நின்ற வண்டியைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும், வண்டிக்குக் கிடைக்கும் இயக்க ஆற்றலுக்கு ஏறக்குறையச் சமமான ஆற்றல் கிளட்சில் சூடாகப் போகிறது. நெடுஞ்சாலையில் ஒருமுறை கிளப்பினால் பல மைல் போகலாம். பாடியிலிருந்து சி.டி.எச். சாலையில் அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயில் என்று வருவதற்குள் எத்தனை தடவை நின்று கிளம்புகிறோம்! பூந்தமல்லி பக்கம் மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே ஊர்ந்தபோதும் இதே கதி. அந்த ஊதாத் திட்டுகள் எல்லாம் இந்தச் சாலைகளில் விழுந்தவை. ஓட்டுநருக்குக் கால் சரியில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஊரும் நெரிசலில் கால் வேறென்ன செய்யும்?

சாயங்காலம் ஃபிளைவீலை லேத்துக்குக் கொண்டுபோய் முகம் சீவி வாங்கினேன்.

ஞாயிறு

பிளேட்டில் ஃபிளைவீல் பக்கம் எது என்று அச்சிட்டிருக்கிறது. திருப்பி மாட்டினால் கிளட்ச் விடாது. பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றைப் பெரியவர் எங்கிருந்தோ கொண்டுவந்தார். அதைச் செருகி பிளேட்டை நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். நடு தப்பினால் கியர்பாக்ஸ் ஏறாது. எங்களுடையது ஒரே தள்ளலில் உட்கார்ந்தது. ஸ்ப்லைனில் கிரீஸ் தொட்டுத்தான் வைத்தேன். வழிந்தால் புதுப் பட்டை பாழ். கியர் ஆயில் அளவு பார்த்து, குறைந்ததை ஊற்றினேன்.

திங்கள்

அரைச் சுமையோடு கோயம்பேடு போய் வந்தேன். மேம்பாலத்தில் இன்ஜினோடு சேர்ந்து வண்டியும் ஏறியது. புதுப் பட்டை படியும்வரை முழுச் சுமை வேண்டாம் என்று பெரியவர் உத்தரவு. பெடலில் ப்ளே கொஞ்சம் குறைவாகத் தெரிகிறது. நாளைக் காலை சுமை ஏற்றுவதற்கு முன் கேபிள் நட்டைத் தளர்த்த வேண்டும்.