தங்கமலை முகட்டில் ஒரு நாள்



உங்கள் வீட்டுச் சுவரிலும் அப்படியொரு கலண்டர் தொங்கியிருக்கும். ஒக்டோபர் மாதத் தாளைப் புரட்டினால் பனி மூடிய மலை; அதன் அடிவாரத்தில் பொன்னை உருக்கி வார்த்தது போல மஞ்சள் மரங்கள். எங்கள் வீட்டுக் கலண்டர் சுவிட்சர்லாந்தில் இருக்கும் உறவினர் அனுப்பியது. அந்த மரத்துக்கு லார்ச் என்று பெயர். பைன் மரத்தின் இனம்தான். ஆனால் பைனைப் போல வருடம் முழுவதும் பச்சையாக நிற்காது. கடுங்குளிர் வருமுன் ஊசி இலைகள் எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்து, மரம் மொட்டையாகிவிடும். மனிதர்கள் அந்தச் சில வாரங்களுக்காகவே மலைமுகடுகளில் நாள் முழுக்க நடக்கிறார்களாம்.

"உம்மா, நம்மட ஊவா மலையில ஏன் இப்படி நிறம் வாறதில்ல?" என்று மகள் கேட்டாள். பதில் தெரியவில்லை. போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தோன்றியது. 2024 செப்டம்பரின் கடைசிச் சனிக்கிழமை, சுபஹுத் தொழுகை முடித்த கையோடு பதுளையிலிருந்து புறப்பட்டோம். பிள்ளைகளின் வாப்பா, மகள், மகன், நான்.

மாமிக்குத்தான் மனமில்லை. "பொம்புளப் புள்ளைகளுக்கு மலையில என்ன வேலை?" என்றார். "மாமி, நீங்க ஹஜ்ஜில ஸபாவுக்கும் மர்வாவுக்கும் ஏழு தரம் நடந்தீங்களே, அது ஹாஜரா நாயகி, கைக்குழந்தைக்காகத் தனியாக ஓடின மலைதானே" என்றேன். மாமி ஒன்றும் பேசவில்லை. ஆனால் சோத்துப் பார்சலோடு சீனிச் சம்பல் ஒரு டப்பா கூடுதலாக வந்து சேர்ந்தது.

ஹப்புத்தளையை நீங்கள் கோச்சியில் போகும்போது பார்த்திருப்பீர்கள். ஊர் ஒரு கத்தி முனையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். வடக்கே பார்த்தால் ஊவாப் பள்ளத்தாக்கு, பண்டாரவளை, தூரத்தே நமுனுகுல மலை. தெற்கே பார்த்தால் தரையே இல்லை. நேரே கீழே ஹல்துமுல்ல, அதற்கும் அப்பால் வெயிலில் தகரம் போல மின்னும் உடவளவைக் குளம். வானம் தெளிந்திருந்தால் கடலும் ஒரு கோடாகத் தெரியும். ஊரிலிருந்து மேற்கே மூன்று கிலோமீற்றரளவில் அதிஷம் பங்களா. 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரத் துரை கட்டி முடித்த கருங்கல் மாளிகை. இப்போது கத்தோலிக்கத் துறவிகளின் மடம். அவர்கள் செய்து விற்கும் கொய்யா ஜெலியும் பழ ஜேமும் பேர் போனவை. திரும்பும்போது வாங்கலாம் என்று விட்டுவிட்டோம். அந்த வழியாகத் திரும்பவேயில்லை. நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

அதிஷத்தை ஒட்டி ஆரம்பிக்கிறது தங்கமலைச் சரணாலயம். பெயரைப் பார்த்தீர்களா? 1938 முதல் பாதுகாக்கப்பட்டு வரும் காடு. அதன் ஊடாக இதல்கஸ்ஹின்ன ரயில் நிலையம் வரை மலைமுகட்டிலேயே ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. நடுத்தர வேகத்தில், பிள்ளைகளோடு, நின்று நின்று போனால் அரை நாளாகும். பெரிய ஏற்றங்கள் இல்லை. சப்பாத்து மட்டும் நல்லதாக இருக்கட்டும். ஹபாயாவின் விளிம்பைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டி, உள்ளே நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டால் முள்ளிலும் மாட்டாது, அட்டையும் ஏறாது. ஒரு துணியில் உப்பு முடிந்து கொண்டு போங்கள்.

காட்டுக்குள் நுழைந்ததும் மகளுக்குப் பாதி விடை கிடைத்தது. மேலே பார்த்தோம். கரும்பச்சை மரங்களின் உச்சியில் அங்கங்கே தீ பற்றியது போலச் செந்தளிர். நாவல் இனத்து மரங்களும் சிங்களத்தில் கீன என்று சொல்லும் மரங்களும் குருத்து விடும்போது அப்படித்தான் சிவந்து நிற்கும், முற்றமுற்றப் பச்சையாகும். குளிர்நாட்டு மரம் சாகப் போகும் இலைக்கு நிறம் கொடுக்கிறது; நமது மலைமரம் பிறக்கும் இலைக்குக் கொடுக்கிறது. சுப்ஹானல்லாஹ்! மரம் அப்படியென்றால் மலைக்கும் நிறமுண்டு. வெண்மையும் சிவப்பும் கருமையுமாக மலைகளில் கோடுகள் இருப்பதைப் பற்றி சூரா ஃபாத்திரில் வருகிறதே, ஓதியிருப்பீர்கள்.

காடு முடிந்து வெளியே வந்தால் மற்றப் பாதி விடை. சரிவு முழுவதும் மானாப்புல், காய்ந்து பொன்னிறமாகச் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது. மகன் "தங்கம்!" என்று கத்தினான். தங்கமலைக்கு அந்தப் பெயர் எப்படி வந்ததென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அன்று கேட்கவும் தோன்றவில்லை.

புல்லைப் பொன்னாக்கியது காற்று. அந்தக் காற்றைப் பற்றி நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதை நீங்கள் குடித்திருக்கிறீர்கள். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று மழையைச் சுமந்து வருகிறது. மலையின் மேற்குப் பக்கத்தில் அதைக் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்கையோடு முகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்குகிறது. மட்டக்களப்புச் சகோதரிகள் கச்சான் காற்று என்பார்கள் (கொறிக்கிற கச்சான் அல்ல!). வரண்ட அந்தக் காற்றில் தேயிலைச் செடி வாடுகிறது, கொழுந்து மெதுவாகத்தான் வளர்கிறது. அந்த வாட்டத்தில்தான் ஜூலை முதல் செப்டம்பர் வரையான ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி மணம் ஏறுகிறது. அந்த மணத்தில் மெதைல் சாலிசிலேட் என்ற பொருளுக்குப் பெரும் பங்குண்டு. கைகால் வலிக்குப் பூசும் தைலப் போத்தலைத் திறந்தால் மூக்கில் ஏறுமே, அதேதான்! கொழும்பு ஏலத்தில் இந்தப் பருவத்துத் தூளுக்குத் தனி மவுசு. செடி பட்ட துன்பத்துக்கு நாம் கூடுதல் விலை கொடுக்கிறோம்.

செடி மட்டுமா? புல்வெளிக்குக் கீழே தேயிலை மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் படங்கு, தலையில் கயிறு, முதுகில் பை. பாதையோரம் நின்ற ஐம்பது வயதிருக்கும் அக்கா ஒருவர், கை ஓயாமல் எங்களைப் பார்த்துக் கேட்டார்:

"எங்க தங்கச்சி போறீங்க?"

"இதல்கஸ்ஹின்னவுக்கு. சும்மா நடந்து பாப்பம்னுதான் அக்கா."

"சும்மா நடக்கவா!" பக்கத்து நிரையில் இருந்தவர்களுக்கும் சொல்லிச் சிரித்தார். "நாங்க நடக்கிறத எப்ப நிப்பாட்டலாம்னு பாத்துக்கிட்டிருக்கோம்."

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சிரிப்பில் குத்தல் இல்லை. மகளைக் கூப்பிட்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படி ஒடிப்பதென்று காட்டினார். நகத்தால் கிள்ளக்கூடாதாம், விரலை மடித்து ஒடிக்க வேண்டுமாம். மகள் பத்துக் கொழுந்து ஒடிப்பதற்குள் அவர் கைக்குள் ஒரு குத்து சேர்ந்துவிட்டது. காலையில் பிரட்டுக்கு நிற்பதிலிருந்து மாலையில் கொழுந்து நிறுக்கும் வரை அந்தச் சரிவில் அவர் ஏறி இறங்கும் தூரத்தை யாரும் அளப்பதில்லை, நிறையைத்தான் அளக்கிறார்கள்.

மழை எப்போது வரும் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. "ஐப்பசி பொறந்தா ராவுல தூக்கமில்ல தங்கச்சி" என்று தென்கிழக்கே கையைக் காட்டினார். அந்தப் பக்கம்தான் கொஸ்லந்த. 2014 ஒக்டோபர் 29 காலை, மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை அப்படியே மூடியது உங்களுக்கு ஞாபகமிருக்கும். பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள்; திரும்பி வந்தபோது சிலருக்கு வீடுமில்லை, பெற்றவர்களுமில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று ஏற்கனவே எச்சரித்திருந்தார்கள் என்பதும் பிறகு பத்திரிகைகளில் வந்தது. எச்சரித்தால் எழுந்து போக வேண்டியதுதானே என்று நானும் அப்போது நினைத்தவள்தான். அக்கா ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார்: "போறதுக்கு காணி வேணுமே."

லயம் தோட்டத்துடையது, மண் தோட்டத்துடையது. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து நடந்தே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இருநூறு வருடங்களுக்குப் பிறகும், பெரும்பாலும் தமக்கென்று ஒரு துண்டு நிலம் இல்லாமலே அதில் இருக்கிறார்கள்.

சீனிச் சம்பலில் பாதியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நடந்தோம். ஒரு யூக்கலிப்டஸ் தோப்பின் ஓரத்தில், கொண்டு போன போத்தல் தண்ணீரில் வுளுச் செய்து, சாக்கை விரித்து லுஹர் தொழுதோம். ஸுஜூதில் நெற்றி பட்ட இடத்திலிருந்து தைல வாசனை வந்தது. தொழுது முடித்துச் சலாம் கொடுக்கும்போது வலப்பக்கம் ஒரு பள்ளத்தாக்கு, இடப்பக்கம் ஒரு பள்ளத்தாக்கு.

இரண்டு மணிக்குப் பிறகு மேகம் கூடியது. இந்தப் பருவத்தில் பகல் தெளிந்து, பின்னேரம் இடிக்கும். முகட்டில் நிற்பவர் அதை அலட்சியம் செய்யக்கூடாது. மேஜர் ரொஜர்ஸ் என்று பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர், ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டவர் என்று சொல்வார்கள், 1845 ஜூன் 7ஆம் திகதி இதே ஹப்புத்தளையில் மின்னல் தாக்கித்தான் இறந்தார். பதுளை புனித மார்க் தேவாலயம் அவர் நினைவாகக் கட்டியது. மகனுக்கு இந்தக் கதையைச் சொன்னதும் எல்லோருக்கும் முன்னால் நடக்க ஆரம்பித்தான்.

பாதை கடைசியில் கோச்சிப் பாதைக்கு இறங்குகிறது. அங்கே தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கும் பைத்தியக்காரத்தனம் வேண்டாம். வளைவில் கோச்சி வருவது தெரியாது. 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்த பாதை இது. இதல்கஸ்ஹின்ன நிலையம் ஐயாயிரத்து முந்நூறு அடி உயரத்தில், பூச்செடிகளோடு, ஆளில்லாமல் இருந்தது. நாங்கள் போய்ச் சேரவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. பிளேன்டி குடித்துக்கொண்டு கோச்சிக்குக் காத்திருந்தபோது, எதிர்ச்சரிவில் பெண்கள் நிறைந்த பைகளோடு மடுவத்தை நோக்கி வரிசையாக ஓடுவது தெரிந்தது.

நீங்களும் போக நினைத்தால், முதலில் பாதையும் கோச்சியும் எப்படி இருக்கின்றன என்று ஹப்புத்தளையில் விசாரித்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது எங்கள் பதுளை மாவட்டத்தில் மலைகள் எத்தனையோ இடங்களில் சரிந்தன. கோச்சிப் பாதையும் பல இடங்களில் உடைந்தது. அந்த இரவுகளில் ரேடியோ ஒவ்வொரு தோட்டத்தின் பெயராகச் சொல்லிக்கொண்டு போனது. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த அக்காட தோட்டம் எது உம்மா?" என்று கேட்டாள்.

சீனிச் சம்பல் கொடுத்தேன், மழையைப் பற்றிக் கேட்டேன். தோட்டத்தின் பெயரைக் கேட்கவில்லை.