தண்ணி எங்க நிக்கும்?

மே மாதம் பிறந்ததும் ஸ்காபரோ மரக்காலைகளில் வரிசை தொடங்கிவிடும். பனிக்குள் கிடந்த பின்வளவைப் பார்த்து, இந்த வருடமாவது ஒரு டெக் அடித்துவிட வேண்டுமென்று ஊரே தீர்மானிக்கிற மாதம் அது. டெக் என்பது வீட்டின் பின்கதவுக்கு வெளியே மண்ணுக்கு மேலே உயர்த்திக் கட்டும் மரத்தளம். ஒரு மேசை, நாலு கதிரை, இறைச்சி வாட்டும் அடுப்பு. கோடை முடியும்வரை ரொறன்ரோக்காரரின் விறாந்தை அதுதான்.

இந்தத் தளங்களை அடிக்கும் ஒரு தமிழ்க் குழுவோடு ஒட்டிக்கொண்டேன். தலைவர் ஐம்பதைக் கடந்தவர். தகப்பன் வடமராட்சியில் ஓடாவி. துணைக்கு இன்னொரு யாழ்ப்பாணத்தவர். கூடவே, கும்பகோணத்துப் பக்கமிருந்து பொறியியல் படிக்க வந்து கோடையில் கைவேலைக்கு நிற்கும் ஒரு பையன். நாங்கள் தலைவரை ‘அண்ணை’ என்போம். பையன் ‘அண்ணே’ என்பான்.

மரக்காலையில் அண்ணை விலைப்பலகையைப் பார்க்கவே இல்லை. அடுக்கிலிருந்து ஒரு தீராந்தியை இழுத்து, ஒரு நுனியைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, மற்றக் கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். மூன்றை எடுத்தால் ஒன்றைத் திருப்பிப் போட்டார்.

“ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு முதுகு இருக்கும், தம்பி. அது மேல பாக்க வைக்கோணும். ஆக்கள் ஏறி நிக்க நிக்க நேராகும். கவிட்டு வைச்சால் நடுவில பள்ளம் விழுந்து தண்ணி நிக்கும்.”

‘தண்ணி நிக்கும்’ என்ற இந்தச் சொற்களை அதன் பிறகு அவர் வாயில் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். வீட்டுக்காரர்கள் கேட்பது எந்த மரம், என்ன நிறம் என்று. அவர் கேட்பதெல்லாம் தண்ணீர் எங்கே நிற்கும், எந்த வழியால் போகும் என்பதுதான்.

மரக்காலையில் அதிகம் விற்பது, உக்காமலிருக்க மருந்தேற்றிய மரம். ஸ்புரூஸ் போன்ற கனடிய மரங்கள் மருந்தை இலகுவில் உள்ளே விடாது. அதனால் பலகையின் முகமெங்கும் இயந்திரத்தால் சிறு கீறல்கள் இடுகிறார்கள். முள்ளுக்கரண்டியால் குத்தி எடுத்த ரொட்டி மாதிரி இருக்கும். பிறகு மூடிய உருளைக்குள் தள்ளி, காற்றை உறிஞ்சி, செம்பு கலந்த திரவத்தை அழுத்தத்தில் ஏற்றுகிறார்கள். அப்படியும் மருந்து மேற்பகுதியோடு நின்றுவிடும். பலகையை அறுத்தால் நடுவில் வெள்ளையாக, மருந்து படாத மரம் தெரியும். அந்த அறுவாயில் மறுபடி மருந்து பூசவேண்டும். தூரிகையும் டப்பாவுமாகப் பிடிக்கிற வேலை, நேரம் தின்னும், முடிந்தபின் யார் கண்ணிலும் படாது. இதைச் செய்யாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர் என்பதை மற்ற வேலைத்தளங்களை எட்டிப் பார்த்தபோது கண்டுகொண்டேன்.

அளவுகளிலும் ஒரு விளையாட்டு உண்டு. ‘ரெண்டுக்கு ஆறு’ என்று பெயர் சொல்லி வாங்குவது உண்மையில் ஒன்றரை அங்குலத்துக்கு ஐந்தரை. பையன் பலகைக் கணக்கைப் பிழையில்லாமல்தான் போட்டிருந்தான், பெயரை நம்பிப் போட்டிருந்தான். இருபது பலகை அடுக்கினால் பத்து அங்குலம் காணாமல் போய்விடும்.

வேலை நடந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய டெக் இருந்தது, தொண்ணூறுகளில் அடித்தது. அதைப் பிரிக்கும்போது முகமூடியும் கையுறையும் போடாமல் ஒருவரையும் கிட்ட விடவில்லை அண்ணை. அந்தக் காலத்து மருந்தில் செம்போடு குரோமியமும் ஆர்சனிக்கும் இருந்தன. 2003 முடிவோடுதான் அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுப் பாவனை மரத்துக்கு அதை ஏற்றுவதை நிறுத்தினார்கள். வீட்டுக்காரரின் தாயாருக்கு இதெல்லாம் தெரியாது. பிரித்து அடுக்கிய பலகைகளைத் தடவிப் பார்த்தபடி நின்றார்.

“தம்பி, இதுகளை எறியாதேங்கோ. கீரைப் பாத்திக்குச் சுத்தவர அடிக்கலாம்.”

“வேண்டாம் அம்மா. பழைய மருந்து, நஞ்சு கிடக்கு. மண்ணுக்குள்ள இறங்கும். எரிக்கவும் கூடாது, சாம்பல் இன்னும் பொல்லாதது.”

“அப்ப நான் இவ்வளவு காலமும் இதில எல்லோ வடகம் காயவைச்சனான்?”

அண்ணை ஒரு கணம் யோசித்துவிட்டு, “பாய் விரிச்சுத்தானே அம்மா?” என்றார். அம்மா தலையாட்டினார். அந்த விசாரணை அத்தோடு முடிந்தது.

மேற்பலகைத் தெரிவுக்கு வீட்டுக்காரர் கணினி அட்டவணையோடு வந்தார். மேசையில் மாதிரித் துண்டுகள். முதலில் சீடர். பிரிட்டிஷ் கொலம்பியக் கரையோரத்து மரம். அங்குள்ள பூர்வகுடிகள் வள்ளமும் குலக்கம்பமும் செதுக்குவது இதில்தான். வைரத்துக்குள்ளேயே இயற்கையான காப்பு இருக்கிறது, வெளிவெள்ளைக்கு அது கிடையாது. இலேசானது, மணக்கும், வெயிலில் சுடாது. ஆனால் மெது, கதிரைக்கால் இழுபட்டாலே தடம் விழும். இதன் தூள் மரவேலைக்காரரில் சிலருக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். கூட இருந்த யாழ்ப்பாணத்தவர் சீடர் அறுக்கும் நாட்களில் வாள்பக்கமே போவதில்லை. அட்டவணையில் இதற்கு ஒரு நிரல் இல்லை.

அடுத்தது பிரேசில் காட்டு இப்பே. தண்ணீரில் போட்டால் தாழும் கனம். முதலில் துளை போடாமல் திருகாணி இறங்காது. பல பத்தாண்டு நிற்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் காடழிந்து வருகிற மரம் என்பதால் 2022இல் பனாமாவில் கூடிய சர்வதேச மாநாடு இதன் வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2024 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு கறியடுப்பு வைக்க அமேசன் மரம் எதற்கென்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. காசும் அதையே வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டது.

மிஞ்சியது கலவைப் பலகை. பொலித்தீனை உருக்கி மரத்தூளோடு சேர்த்து வார்ப்பது. இலகுவில் உக்காது, வர்ணம் கேட்காது, விலை மட்டும் கூட. வீட்டுக்காரர் கரும்பழுப்பில் ஆசைப்பட்டார். அண்ணை வாதாடவில்லை. கரும்பழுப்பிலும் வெளிர்சாம்பலிலும் ஒவ்வொரு துண்டை மதிய வெயிலில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பின்னேரம் வீட்டுக்காரரின் சின்ன மகள் வெறுங்காலோடு ஏறிப் பார்த்தாள். வெளிர்சாம்பல் வென்றது.

இந்தப் பலகைக்கும் ஒரு குணம் உண்டு. மரம் ஈரம் காயக்காய அகலத்தில் சுருங்கும். அதனால் ஈரமாக வரும் மருந்துப் பலகைகளை நெருக்கி அடித்தால் இடைவெளி தானாக வந்துவிடும். கலவைப் பலகையோ சூட்டுக்கும் குளிருக்கும் நீளத்தில் நீளும், குறுகும். நுனியோடு நுனி முட்ட அடித்தால் வெயில் நாளில் ஒன்றையொன்று தள்ளும். மரத்தில் பழகிய கை இதற்குப் புதிதாகப் பழகவேண்டும்.

மேலே எதைப் போட்டாலும் கீழே சட்டம் மருந்து மரம்தான். டெக்கின் ஆயுளை அதுதான் தீர்மானிக்கிறது, அதைப்பற்றி யாரும் அட்டவணை போடுவதில்லை. தளத்தின் ஒரு விளிம்பை வீட்டுச் சுவரோடு பிணைப்பது பொதுவான முறை. பிணைப்பு சரியில்லாமல், ஆணியை மட்டும் நம்பி அடித்த தளங்கள் ஆட்களோடு கழன்று விழுவது வட அமெரிக்காவில் புதிதல்ல. சுவருக்கும் பலகைக்கும் இடையில் இறங்கும் மழை உள்ளிருந்தே தின்னும். இந்த வீட்டின் வெளிச்செங்கல் வெறும் முகம்தான், பாரம் தாங்குவதற்கில்லை. அதனால் அண்ணை சுவரைத் தொடவே இல்லை. நாலு பக்கமும் தன் தூணிலேயே நிற்கும் தளமாக அமைத்தார்.

தூணுக்குக் குழி நாலடி. இங்கே நிலம் உறைகிற ஆழத்துக்குக் கீழே அடித்தளம் இறங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் களிமண்ணிலுள்ள தண்ணீர் உறைந்து பெருத்துத் தூணையே தூக்கிவிடும். நகரசபைப் பரிசோதகர் கொங்கிரீட் ஊற்றமுன் குழிக்குள் நாடா விட்டு அளந்தார். முதல்நாள் மழை பெய்திருந்தது. அவர் வருமுன் பையன் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தான். “காவிரில தண்ணி இல்லேங்கிறாங்க அண்ணே, எல்லாம் இங்கதான் இருக்கு” என்றான்.

தூணை அண்ணை மண்ணுக்குள் புதைக்கவில்லை. கொங்கிரீட்டுக்கு மேலே இரும்புப் பாதம் வைத்து அதில் நிறுத்தினார், அடிநுனி ஈரம் குடிக்காதபடி. அந்த இரும்பும் திருகாணியும் சும்மா இரும்பாக இருக்க முடியாது. மருந்திலுள்ள செம்பு இரும்பை அரிக்கும்; அலுமினியத்தையும் விடாது. சூட்டில் நாகத்தில் முக்கியெடுத்தவை வேண்டும். மலிவான திருகாணிப் பெட்டி ஒன்றை வீட்டுக்காரர் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். “இதை வீட்டுக்குள்ள படம் கொழுவ வைச்சிருங்கோ” என்று திருப்பிக் கொடுத்தார் அண்ணை. தீராந்திகளின் மேல்முகத்தில் ஒட்டும் கறுப்பு நாடாவுக்குத் தனியாகக் காசு கேட்டபோதும் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். திருகாணித் துளையால் தண்ணீர் இறங்காமல் அது காக்கும். தராவிட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்பதுபோல அண்ணை நின்றார், வீட்டுக்காரர் கொடுத்துவிட்டார்.

கலவைப் பலகை அறுத்தபோது சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் துகள் புல்லெல்லாம் பரவியது. கீழே பெரிய துணி விரித்தும் மிஞ்சியதைப் பையன் முழந்தாளில் நின்று இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்தான். அம்மா பக்கத்தில் நின்று விட்ட இடங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பாத்தி இன்னும் அடிக்கப்படவில்லை என்பதையும் இடைக்கிடை ஞாபகப்படுத்தினார்.

வேறொரு வேலையில் மிஞ்சிய சீடர்த் துண்டுகள் வான் வண்டியில் கிடந்தன, மருந்து படாதவை. கடைசிநாள் மதியம் அண்ணை அவற்றைப் பாத்திக்கு நாலு பக்கமும் பொருத்தினார். சீடரில் வெறும் இரும்பு கறுப்புக் கறை விடுமென்று துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி போட்டார்.

“அடிக்குப் பலகை போடேல்லையே தம்பி?” என்றார் அம்மா.

“தண்ணி போகோணுமே அம்மா.”