உறைந்த ஏரியில் கூடாரமும் காற்றும்

மினசோட்டாவுல குளிர்காலம் வந்துட்டா ஏரியெல்லாம் மைதானம் ஆயிடும். அது மேல நடப்பாங்க, பனி நல்லா தடிச்சதும் பிக்கப் டிரக்கையே ஓட்டிட்டுப் போவாங்க. துளை போட்டு, தூண்டிலை இறக்கி, மணிக்கணக்கா உக்காந்திருப்பாங்க. இதுக்குப் பேர் பனிமீன்பிடிப்பு. "மைனஸ் இருபதுல போய் மீன் பிடிக்கிறதா, கடையில கிலோ கணக்குல கிடைக்குமே"ன்னு கேக்குறவங்களுக்கு என்கிட்ட பதில் இல்லைங்க. எனக்குப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான் :-)

இந்தப் பதிவு மீனைப் பத்தி இல்ல. அந்தத் துளை மேல நாம போடுற கூடாரத்தைப் பத்தியும், அதைத் தூக்கிட்டுப் போகப் பாக்குற காத்தைப் பத்தியும். வீட்டுல இருந்து கேட்டா இது சின்ன விஷயமாத் தெரியும். ஏரி நடுவுல நின்னு பாத்தா அப்படித் தெரியாது.

முதல்ல கூடாரம். கையில எடுத்துட்டுப் போற கூடாரத்துல ரெண்டு வகை. ஒண்ணு, சறுக்கு வண்டி மேலயே இருக்கை வச்சு, துணியைத் தலைக்கு மேல கவுத்து மூடுறது. மினசோட்டாக்காரரான டேவ் ஜென்ஸ் 1980களில் இந்த மாதிரியைப் பிரபலமாக்கினார். அதுக்கு முன்னாடி பெரும்பாலும் மரக்குடிசைதான். ஒரு இடத்துல வச்சா சீசன் முழுக்க அங்கேயே இருக்கும். மீன் வேற பக்கம் போனாலும் மனுசன் நகர முடியாது. ரெண்டாவது வகை ஹப் கூடாரம். குடை மாதிரி மடிச்சு பையில போட்டுக்கலாம். ஒவ்வொரு சுவருக்கும் நடுவுல ஒரு குமிழ் இருக்கும். அதைப் பிடிச்சு வெளிய இழுத்தா கம்பிகள் வளைஞ்சு சுவர் விறைப்பா நிக்கும். நாலு சுவர், ஒரு கூரை. தரை கிடையாது.

இந்த "தரை கிடையாது" முக்கியம். நானும் நண்பனும் முதல் தடவை போறதுக்கு முன்னாடி அவன் கேட்டான், "உள்ள ரெண்டு பேர் உக்காந்திருக்கோமேடா, நம்ம எடை போதாதா?" நியாயமான கேள்வி. முதல் வகைக் கூடாரத்துல ஓரளவு போதும், ஏன்னா நாம உக்காந்திருக்கிற இருக்கையும் கூடாரமும் ஒரே சட்டம். ஹப் கூடாரத்துல நாம உக்காருவது தனி நாற்காலியில. நம்ம எடைக்கும் கூடாரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. கூடாரம் போனா நாமளும் நாற்காலியும் வெட்டவெளியில அப்படியே உக்காந்திருப்போம். சினிமா காமெடி மாதிரி இருக்கும், ஆனா வெளிய மைனஸ் இருபது.

சரி, கொஞ்சம் கணக்குப் போடுவோம். (கணக்கு பிடிக்காதவங்க அடுத்த பத்திக்குத் தாவலாம்.) காத்து ஒரு சதுர மீட்டர்ல தர்ற அழுத்தம், காத்தோட அடர்த்தியில பாதியை வேகத்தின் வர்க்கத்தோட பெருக்கினா வரும். 30 டிகிரி வெயில்ல ஒரு கன மீட்டர் காத்து சுமார் 1.16 கிலோ. மைனஸ் 20ல அதுவே சுமார் 1.39 கிலோ. அதாவது அதே வேகத்துல வீசினாலும் குளிர்காத்து 20 சதவீதம் பலமாத் தள்ளும். ரெண்டு மீட்டருக்கு ரெண்டு மீட்டர் சுவர்னு வச்சுக்கங்க. தட்டையான பரப்புக்கு உண்டான கெழுவையும் சேத்தா, மணிக்கு 20 கிலோமீட்டர் காத்துக்கு சுமார் 10 கிலோ எடை அளவு தள்ளுவிசை வரும். 40 கிலோமீட்டருக்கு 42 கிலோ. 60 கிலோமீட்டருக்கு 95 கிலோ. வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்கு. கூடாரத்தோட எடையோ பதினஞ்சு கிலோ சொச்சம், அதுவும் வழுக்குற பனி மேல. உராய்வுன்னு பேருக்குத்தான் இருக்கும்.

இதை நான் கண்ணால பாத்தேன். 2025 பிப்ரவரி, மில் லாக்ஸ் ஏரி. மினியாபொலிஸ்ல இருந்து வடக்க ஒன்றரை மணி நேரப் பயணம். 500 சதுர கிலோமீட்டருக்கும் மேல பரப்பு, ஆனா ஆழம் அதிகபட்சம் 13 மீட்டர்தான். மாநில மீனான வால்-ஐ இங்க பிரபலம். ஏரி மேல மரம் இல்ல, மேடு இல்ல. காத்துக்குத் தடுப்புன்னு ஒண்ணுமே இல்ல. எங்களுக்கு இருநூறு மீட்டர் தள்ளி யாரோ ஒருத்தர் கூடாரத்தை விரிச்சுட்டு, வண்டியில இருந்து ஏதோ எடுக்கத் திரும்பினார். அந்த நேரத்துல ஒரு வீச்சு. சிவப்புக் கூடாரம் ஒரு தடவை புரண்டுச்சு, அப்புறம் பகடைக்காய் மாதிரி உருள ஆரம்பிச்சுடுச்சு. அவர் ஓடினார், நாலு அடியில வழுக்கி விழுந்தார், எழுந்து நின்னு பாத்துக்கிட்டே இருந்தார். அது ஒரு புள்ளி ஆகுற வரைக்கும் போச்சு. யாரும் சிரிக்கல. உள்ள எரியுற ஹீட்டரோ ஒரு குழந்தையோ இருந்திருந்தான்னு எல்லாருக்கும் ஒரே நினைப்புதான் வந்திருக்கும்.

எங்களை ஏரிக்குக் கூட்டிட்டுப் போறவர் எங்க லேப் டெக்னீஷியன். வயசு அறுபதைத் தாண்டியவர், பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கதான். அதிகம் பேச மாட்டார். அவர்கிட்ட இருந்து நான் கத்துக்கிட்டதை வரிசையாச் சொல்றேன்.

ஒண்ணு, விரிக்கிறதுக்கு முன்னாடியே கட்டணும். பையில இருந்து எடுத்துப் பனி மேல தட்டையாப் போட்டதும், காத்து வர்ற பக்கத்து ரெண்டு மூலையிலயும் முளை இறக்கிடுவார். அதுக்கப்புறம்தான் சுவரை ஒண்ணொண்ணா வெளிய தள்ளுவார், கூரை கடைசி. கழட்டும்போது எல்லாம் தலைகீழ். முதல்ல ஹீட்டரை அணைச்சு ஆற வைக்கணும். கடைசியாக் கழட்டுறது காத்து வர்ற பக்கத்து முளை. முளையில கட்டாத கூடாரத்தை ஒரு நிமிசம் கூட விரிச்சு வைக்க மாட்டார்.

ரெண்டு, முளைன்னா நம்ம கூடார முளை இல்ல. அடிச்சா பனிக்கட்டி விரிசல் விடும், பிடிப்பும் இருக்காது. இது மரை போட்ட திருகாணி மாதிரி, தலையில வளையம் வச்சது. மேல கிடக்குற தளர்ந்த பனியை ஒதுக்கிட்டு, கீழ கண்ணாடி மாதிரி இருக்குற கெட்டிப் பனியில திருகணும். வெள்ளையா இருக்குற பனிக்கட்டியில காத்துக்குமிழ் கலந்திருக்கும், பலம் கம்மி. கையால திருகினா தோள்பட்டை போயிடும். பேட்டரி ட்ரில்லுல ஒரு மாட்டி போட்டுத் திருகுறாங்க. குளிர்ல பேட்டரி சீக்கிரம் படுத்துடும்ங்கிறதால அதைக் கோட்டுக்குள்ள வச்சிருப்பார்.

மூணு, மூலை மட்டும் போதாது. ஹப் சுவரோட பலவீனம் அதோட நடுக்குமிழ். பலமாக் காத்து அடிச்சா குமிழ் உள்பக்கமா மடிஞ்சு, சுவர் நம்ம மேல விழும், கம்பி கூட உடையும். அதனால குமிழ்ல இருந்து வெளிய ஒரு கயிறு இழுத்து, தூரமா இன்னொரு முளையில கட்டணும். கயிறு நீளமாவும் சாய்வாவும் இருந்தா நல்லது. செங்குத்தா இருந்தா முளையை மேல்நோக்கிப் பிடுங்கும். முடிச்சை எல்லாம் வீட்டுலயே போட்டு, கொக்கி மாட்டித் தயாரா வச்சுக்கணும். மைனஸ் 20ல 40 கிலோமீட்டர் காத்து அடிச்சா உடம்புக்கு அது மைனஸ் 34 மாதிரி. கையுறையைக் கழட்டி முடிச்சுப் போட்டுக்கிட்டு நின்னா, விரல் நமக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆயிடும்.

நாலு, நாலு பக்கமும் கட்டணும். "காத்து தெற்குல இருந்துதானே வருது"ன்னு ஒரு பக்கம் மட்டும் கட்டினா போதாது. இங்க குளிர்முகம் கடக்கும்போது, தெற்கு, தென்மேற்குல இருந்து அடிச்ச காத்து வடமேற்குக்குத் திரும்பும், வேகமும் கூடும். காலையில முதுகுப் பக்கமா இருந்தது மத்தியானம் முகத்துப் பக்கமா ஆயிடும்.

அஞ்சு, முளை தொலைஞ்சா என்ன பண்றது? துளை போடுற ஆகர் கையில இருக்கே. ஒரு துளை போட்டு, துளையை விட நீளமான கட்டையோட நடுவுல கயிறு கட்டி, செங்குத்தா உள்ள விட்டு, பனிக்கு அடியில குறுக்கா திருப்பி இழுத்தா போதும். அந்தப் பனிக்கட்டியே உடைஞ்சாத்தான் அது வரும். மலையேறுறவங்க இன்னொரு வழி பண்றாங்க. பனிச்சுவர்ல ரெண்டு சாய்வான துளை போட்டு, உள்ள ஒண்ணா சந்திக்க வச்சு, கயிறைக் கோத்து எடுப்பாங்க. சோவியத் மலையேறி விட்டாலி அபலகோவ் பேர்லயே அந்த முறையைச் சொல்றாங்க. திருகு முளையே இல்லாம, பனியையே கொக்கி ஆக்குற வேலை. அழகான யோசனை இல்லையா?

ஆறாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டது. கூடாரத்தோட அடியில சுத்திலும் ஒரு பாவாடை மாதிரித் துணி இருக்கும். அது மேல பனியை அள்ளிப் போட்டா காத்து அடியில நுழையாது. நுழைஞ்சா கூடாரம் பாராசூட் ஆயிடும். ஆனா நாலு பக்கமும் இப்படிப் பூசி அடைச்சுட்டு உள்ள புரொப்பேன் ஹீட்டரைப் போட்டா, கார்பன் மோனாக்சைடு சேரும். நிறம் இல்ல, வாசனை இல்ல. ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபினோட ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல ஒட்டிக்கும். தலைவலி, தூக்கம், அப்புறம் எழுந்திருக்கவே முடியாது. குளிருக்கு இதமா இருக்கேன்னு கண்ணை மூடுறவங்களுக்குத் தூக்கத்துக்கும் மயக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாது. காத்து வெளிய தள்ளும்போது, எல்லாத்தையும் அடைக்கணும்னுதான் கை போகும். அவர் அப்பவும் மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு திறப்பை விடுவார், கூடவே ஒரு மோனாக்சைடு அலாரமும் தொங்கும். "காத்து வெளிய இருந்தா எதிரி, உள்ள இல்லன்னாலும் எதிரி"ன்னார் ஒரு நாள். அவர் பேசினதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

இவ்வளவும் பண்ணியாச்சு. கூடாரம் அசையாது. அப்போ நாம பத்திரமா? கூடாரத்தைப் பனியோட கட்டிட்டோம். அந்தப் பனியைக் கரையோட யார் கட்டினாங்க?

பெரிய ஏரிகள்ல காத்து பனித்தட்டையே பிச்சு எடுத்துட்டுப் போகும். 2009 பிப்ரவரி 7ல ஒஹாயோ கரையோரம் ஏரி எரியில இப்படி ஒரு தட்டு பிரிஞ்சு, 130 பேருக்கும் மேல மாட்டிக்கிட்டாங்க. ஹெலிகாப்டரும் படகும் வந்து மீட்டாங்க, ஒருத்தர் இறந்துட்டார். எங்க மினசோட்டாவுலயே, அப்பர் ரெட் ஏரியில 2022 நவம்பர் 28ல சுமார் 200 பேர், அடுத்த வருசம் 2023 டிசம்பர் கடைசியில 122 பேர். மினசோட்டாவுல நடந்த இந்த ரெண்டும் சீசனோட தொடக்கத்துல, பனி இன்னும் கரையைக் கெட்டியாப் பிடிக்காத நாட்கள்ல நடந்தது. அன்னிக்கு எவ்வளவு நல்ல முளை போட்டிருந்தாலும், கூடாரம் தட்டோட சேந்துதான் மிதந்திருக்கும்.

இங்க மாநில இயற்கை வளத்துறை நடக்குறதுக்குக் குறைஞ்சது நாலு அங்குலம் தெளிவான பனி வேணும்னு சொல்லுது. வெள்ளைப் பனின்னா இரட்டிப்பு. நல்ல அளவுகோல்தான். ஆனா அது நம்ம எடைக்கான கணக்கு. காத்து இழுக்குற இழுப்புக்கான கணக்கு அதுல இல்ல. அதுக்கு வேற மூணு விஷயம் பாக்கணும்: இன்னிக்குக் காத்து கரையில இருந்து ஏரிக்குள்ள அடிக்குதா, பனியில புது விரிசல் எதாவது நீளமா ஓடுதா, நாளைக்கு முன்னறிவிப்பு என்ன.

போன டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை நாங்க நாலு மணிக்கே எழுந்து சாமானெல்லாம் வண்டியில ஏத்திட்டோம். கரைக்குப் போனா காத்து 50 கிலோமீட்டர் அடிக்குது, அதுவும் கரையில இருந்து உள்நோக்கி. அவர் கண்ணாடியை இறக்காம அஞ்சு நிமிசம் ஏரியைப் பாத்தார். அப்புறம் வண்டியைத் திருப்பி, வழியில இருந்த ஒரு ஹோட்டல்ல நிறுத்தி எங்களுக்குப் பான்கேக் வாங்கிக் கொடுத்தார். "எட்டு முளை வச்சிருக்கோமே, சமாளிக்க முடியாதா?"ன்னு நண்பன் கேட்டான். "கூடாரத்துக்கு எட்டு இருக்கு. ஏரிக்கு ஒண்ணும் இல்லியே"ன்னு சொல்லிட்டு சிரப்பை ஊத்தினார்.

என் பையில இப்போ பத்து முளை, முடிச்சுப் போட்ட எட்டுக் கயிறு, ரெண்டு கட்டை, ஒரு அலாரம் இருக்கு. இதையெல்லாம் அடுக்குறதுக்கு முன்னாடி முந்தின நாள் ராத்திரியே காத்தோட திசையையும் வேகத்தையும் பாத்துடுறேன். 40ஐத் தாண்டினாலோ, கரையில இருந்து உள்ள அடிச்சாலோ அலாரம் வைக்காம தூங்கப் போயிடுறேன். மீன் அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும்.