கண்டி வீதியின் மறுமுனையில்

யாழ்ப்பாணத்திலே 'கண்டி வீதி' என்று சொல்லாத வாய் இல்லை. எனினும், அவ்வீதியின் மறுமுனையிலே என்ன இருக்கின்றது என்பதை, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பின்னரே நம் பிள்ளைகளிற் பலர் காண்கின்றனர். ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமுடைய அப்பெருவீதி போர்க் காலத்திலே பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தது. இன்றோ, இரவிலே பேருந்தேறும் மாணவன் பொழுது புலரக் கண்டியில் இறங்கி, அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள பேராதனையை அடைந்துவிடுகின்றான். பயணப் பெட்டியோடு ஓர் அச்சமும் அவனுடன் கூடவே வருகின்றது. அவ்வச்சத்தைப் பின்னர் பேசுவோம்; முதலில் இடத்தைப் பார்ப்போம்.

ஹந்தானை மலைச்சாரலும் மகாவலி கங்கையும் தழுவி நிற்கும் இப்பல்கலைக்கழக வளவு, இலங்கையின் எழில்மிகு இடங்களுள் ஒன்று என்றால் மிகையாகாது. 1942ஆம் ஆண்டு கொழும்பிலே தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம், துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் காலத்தில், 1952ஆம் ஆண்டு முதல் இங்கே குடிபுகலாயிற்று. விடுதிகளின் பெயர்களே வரலாறு கூறும். நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906ஆம் ஆண்டிலேயே இயக்கம் நடத்திய சேர் பொன்னம்பலம் அருணாசலம் பெயரால் ஒரு விடுதி. அவர்தம் தமையனார் இராமநாதன் பெயரால் இன்னொன்று.

புதிதாய் வந்த மாணவனுக்கு முதல் வார இறுதி வெள்ளி மாலையிலேயே தொடங்கிவிடுகின்றது. வளவின் மேட்டு நிலத்திலே குறிஞ்சிக் குமரன் கோயில் கொண்டிருக்கின்றான். மலை நிலத்துக்குரிய தெய்வம் சேயோன் என்று பாடத்திலே படித்த பிள்ளை, மெய்யாகவே மலை மீதேறி அவனை வணங்குகின்றான். கூட்டிச் செல்பவர் பெரும்பாலும் ஊரவரான சிரேஷ்ட மாணவர் ஒருவரே. "தம்பி, சாப்பிட்டீரா? போர்வை கொண்டு வந்தீரா? இங்கே இரவிலே குளிரும்" என்று கேட்கும் அக்குரலைவிடச் சிறந்த வரவேற்புப் பத்திரம் வேறுண்டோ? பௌத்தர், கிறித்தவர், இஸ்லாமியர் ஆகியோருக்கும் இவ்வளவிலே வழிபாட்டிடங்கள் உள்ளன.

சனிக்கிழமை காலையில் நடந்தே சென்று காணத்தக்கது தாவரவியற் பூங்கா. 1821ஆம் ஆண்டிலே இவ்விடத்தில் அமைக்கப்பெற்ற அது, 147 ஏக்கர் பரப்புடையது. பின்னாளிலே ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901ஆம் ஆண்டு நாட்டிய நாகலிங்க மரத்தை அங்கே காணலாம். வடக்கிலிருந்து வந்தவனைத் தடுத்து நிறுத்துவது வேறொரு காட்சி. இரு மருங்கும் பனைகள் அணிவகுத்த ஒரு சாலை! மணற்காட்டிலும் வயலோரத்திலும் கண்ட பனை, இம்மழை நாட்டிலும் வேரூன்றி நிமிர்ந்து நிற்கக் கண்டால், ஊர் நினைவால் வாடிய உள்ளம் தேறாதோ?

சனி மாலைக்கு உரியது சரச்சந்திர திறந்தவெளி அரங்கு. சிங்கள மாணவர் இதனை 'வள' என்பர். குழி என்பது பொருள். மரங்கள் சூழ்ந்த சரிவிலே படிப்படியாக அமர்ந்து நாடகம் பார்க்கும் இடம் இது. 'மனமே' (1956), 'சிங்கபாகு' (1961) ஆகிய நாடகங்களைப் படைத்த பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் பெயரைத் தாங்கியது. மொழி தெரியாதே என்று தயங்கும் தமிழ்ப் பிள்ளை, அங்கே அவர் நாடகம் ஒன்று நடைபெறும் நாளிற் போய்ச் செவிசாய்ப்பானாயின், பாட்டின் நடையிலே நமது கூத்தின் சாயலைக் கேட்பான். சரச்சந்திர கையாண்ட 'நாடகம' என்னும் வடிவம், தமிழ் நாட்டுக்கூத்திலிருந்து கிளைத்ததன்றோ! இதே பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடிய விடிய ஆடப்படும் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிச் செம்மை செய்து, மாணவரைக் கொண்டே 1960களில் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றை மேடையேற்றினார். கிராமத்து அண்ணாவிமாரின் கலையைப் பட்டப் படிப்பு மாணவர் பயின்று ஆடினர். அந்த ஆட்டத்தால் ஊருக்கும் பெருமை, பல்கலைக்கழகத்துக்கும் பெருமை.

ஞாயிற்றுக்கிழமை, பிலிமத்தலாவைப் பக்கமாகப் பேருந்தேறிக் கடலாதெனியா, லங்காதிலக, எம்பெக்கே ஆகிய மூன்று தலங்களையும் வயல் வரம்பு வழியே நடந்து காண்பது நெடுநாள் வழக்கம். 1344ஆம் ஆண்டளவிலே எழுந்த கடலாதெனியா விகாரையின் கற்பணி திராவிடச் சிற்ப மரபைச் சேர்ந்தது. அமைத்த சிற்பியின் பெயர் கணேஸ்வராசாரி. எம்பெக்கே தேவாலயத்திலே அன்னம், மல்லர், இருதலைக் கழுகு முதலிய மரச் செதுக்கல்கள் தூண்தோறும் விளங்குகின்றன. அங்கே உறையும் தெய்வம் யார்? கதிர்காமக் கடவுள்! வெள்ளியன்று குன்றிலே வணங்கிய முருகனையே, ஞாயிறன்று சிங்கள ஊர் மக்களும் மலர்த்தட்டேந்தி வணங்கக் காண்கின்றான் மாணவன். நூல்கள் பல படித்தும் பெறுதற்கரிய பாடம் இது.

இனி, முன்னர் குறித்த அச்சத்துக்கு வருவோம். அதன் பெயர் பகிடிவதை. அதனையும் 'மரபு' என்றே சொல்வர், அதனைச் செய்வோர். ஆனால் 1997ஆம் ஆண்டு, இவ்வளவிலேயே, பொறியியல் பயில வந்த தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தான். பெற்றோர் பட்டதாரியாக வரவேற்கக் காத்திருந்த பிள்ளை அவன். அடுத்த ஆண்டு, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. கடுங்காயம் விளைவிப்போருக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனையும் விதிக்கலாம். சட்டம் வந்தும் வழக்கம் முற்றாக ஒழியவில்லை என்பது வேதனைக்குரியது.

மரபென்று ஒன்றைக் காட்டினால் அதனை உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் உண்டு. புதிதாய் வந்தவனுக்கு அது எதையேனும் கொடுக்கின்றதா, அன்றி அவனிடமிருந்து எதையேனும் பறிக்கின்றதா? கோயிலுக்குக் கூட்டிச் செல்லும் வழக்கம் துணையைக் கொடுக்கின்றது. கூத்துப் பழக்கும் வழக்கம் கலையைக் கொடுக்கின்றது. மூன்று தலங்களுக்கும் நடக்கும் வழக்கம் நாட்டையே கொடுக்கின்றது. பகிடிவதையோ மானத்தைப் பறிக்கின்றது. சிலவேளை உயிரையும் பறிக்கின்றது. கொடுப்பதே மரபு, பறிப்பது கொடுமை.

பெற்றோரே, பிள்ளையை வழியனுப்பும்போது பெட்டியிலே பலகாரத்தோடு இவ்வுரைகல்லையும் வைத்தனுப்புங்கள். துன்பம் நேர்ந்தால் மறையாது சொல்லும் துணிவையும் ஊட்டுங்கள். மாணவ மணிகளே, இவ்வாண்டு புதியவராய் நிற்கும் நீங்களே அடுத்த ஆண்டு சிரேஷ்டர் ஆவீர்கள். அப்போது விடுதி வாயிலிலே பெட்டியோடு தயங்கி நிற்கும் தம்பியிடமும் தங்கையிடமும் நீங்கள் கேட்கும் முதற் கேள்வி, "சாப்பிட்டீரா?" என்பதாகவே இருக்கட்டும்.